ஏழாவது மிஷின்

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. மறந்துபோய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். பெயர், இனிஷியல், தோவாளையில் அவள் வீட்டுக்கு எந்த முக்கில் திரும்ப வேண்டும் என்பது வரை எல்லாம் நினைவிருக்கிறது. வருடக்கணக்காக அந்தப் பெயரைப் பிறர் வாயால் கேட்டு வயிறெரிந்தவன் நான். என் கையாலேயே அதை ஒருமுறை எழுதிப் பார்க்க மனசு வரவில்லை.

2004இல் அவள் பூச்சந்தைக்கு எதிரே, ஒரு பூக்கடையின் மாடியில், ஏழு கம்ப்யூட்டர் போட்டு பிரௌசிங் சென்டர் தொடங்கினாள். அடுத்த வருடம் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நான் தொடங்கினேன். எனக்குப் பன்னிரண்டு கம்ப்யூட்டர், ஏசி, கண்ணாடிக் கதவு, சுழலும் நாற்காலி. அவளுக்கு இரண்டு மின்விசிறி, கல்யாண மண்டபத்தில் கழித்துவிட்ட இரும்பு நாற்காலி. என் கடையில் கேபிள்களைப் பிளாஸ்டிக் பட்டை போட்டுக் கட்டியிருந்தேன். அவள் கீழேயிருந்து வாழைநார் எடுத்துவந்து நனைத்துக் கட்டியிருந்தாள். காயக் காய நார் இறுகிக்கொள்ளும். பார்க்கச் சகிக்காது. ஆனால் அங்கே ஒரு கேபிள் அவிழ்ந்து தொங்கி நான் பார்த்ததில்லை, பார்க்க வேண்டும் என்று பலமுறை ஆசைப்பட்டிருக்கிறேன்.

கம்ப்யூட்டரை நாங்கள் எல்லோரும் மிஷின் என்றுதான் சொல்வோம். பக்கத்து என்ஜினியரிங் கல்லூரிப் பையன்கள் பரீட்சை முடிவு பார்க்கவும் வேலைக்கு மனுப் போடவும் வருவார்கள். ஆனால் கடையை நிறைத்தது அந்தத் துப்பாக்கி விளையாட்டுதான். இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒருவரை ஒருவர் சுட்டுத் தள்ள வேண்டும். சாயங்காலம் நான்கு மணி பஸ்ஸில் இறங்கினால் அவர்களுக்கு முன்னால் இரண்டு வழி. ரோட்டைக் கடந்தால் அவள் கடை, கடக்காவிட்டால் என் கடை. கடந்துபோனார்கள். அவளுடைய ஏழு மிஷினிலும் ஆள் இருந்தால் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து காத்திருந்தார்கள். என் கண்ணாடிக் கதவு வழியாக அந்த மாடிப்படி நன்றாகத் தெரியும். எனக்குள்ளே ஏசி ஓடிக்கொண்டிருக்கும், ஏழெட்டு சுழல் நாற்காலிகள் ஆளில்லாமல் இருக்கும்.

காத்திருந்தவர்களில் ஒருவன் என் சொந்தத் தம்பி.

"எனக்க கடையில மிஷின் சும்மா கெடக்கு. நீ அங்க படியில போய் இருக்கே. நாணமில்லையாலே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அண்ணே, ஒனக்க மிஷின் எல்லாம் புதுசுதான்," என்றான். "ஆனா இஞ்ச சுட்டா கொள்ளமாட்டேங்கு. அங்க சுட்டா கொள்ளுகு."

சுட்ட குண்டு படவில்லை என்கிறான். அது எப்படி? நானே உட்கார்ந்து ஆடிப் பார்த்தேன். முதல் மிஷினில் உட்கார்ந்தேன், என் மேஜைக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான். வெண்ணெய் மாதிரி ஓடியது. தம்பி பொய் சொல்கிறான், அவள் அவனுக்கு என்னவோ பொடி போட்டுவிட்டாள் என்று முடிவு செய்தேன்.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. அவளுடைய ஏழு மிஷினில் ஏழாவதுதான் மட்டம். படிக்கட்டுக்குப் பக்கத்து மூலையில், யார் யாரோ கழித்துப்போட்ட பாகங்களைச் சேர்த்து உருட்டியது. காலையில் கடை திறந்ததும் அவள் நேராகப் போய் அதில்தான் உட்காருவாள். அது முனகி முனகி எழுந்து வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பாள். மற்ற ஆறையும் அதற்குப் பிறகுதான் தொடுவாள். "இது ஓடிச்சுன்னா மத்ததெல்லாம் தானா ஓடும்" என்பாளாம். இதெல்லாம் தம்பி வந்து சொல்வதுதான். வீட்டில் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தால் அவனுக்கு வேறு பேச்சே வராது. அக்கா இதைச் சொன்னா, அக்கா அதைச் செய்தா.

அந்த விளையாட்டை அவள் ஒருநாளும் ஆடியதில்லை. பையன்கள் ஆடும்போது ஏழாவது மிஷின்காரன் முதுகுக்குப் பின்னால் நின்று, திரையின் ஓரத்தில் ஓடும் சின்ன எண்களை மட்டும் பார்ப்பாள். ஜெயிக்கிறவன் கத்துவான், மேஜையில் அடிப்பான், அவளைத் திரும்பிப் பார்க்கச் சொல்வான். அவள் திரும்ப மாட்டாள். "லேய், நீ சும்மா இரு. ஒனக்குக் கொறவு ஒண்ணும் இல்லல்லா" என்பாள். அவள் சிரித்துப் பேசி ஆள் பிடித்தவள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். முகம் எப்போதும் பஸ்ஸைத் தவறவிட்டவள் முகம்தான். அந்த முகத்துக்குத்தான் அவ்வளவு கூட்டம்.

அவளுடைய அப்பா பூப்பொதி கட்டுகிறவர். திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏறுகிற பூக்கூடைகளை அடுக்கி வைத்ததும், பள்ளிக்கூடச் சீருடையில் நிற்கும் மகளிடம் அடிக்கூடையில் கைவிட்டுப் பார்க்கச் சொல்வாராம். மேல்கூடைப் பூ யார் பார்த்தாலும் நன்றாகத்தான் இருக்கும். அடியில் கிடப்பதுதான் அமுங்கி வெந்துபோகும். அவள் கையை எடுத்துத் தலையை ஆட்டினால்தான் கூடை பஸ்ஸில் ஏறும். என் அப்பா எனக்கு இப்படி ஒரு வேலையும் கொடுக்கவில்லை. அதற்காகக்கூட அவள்மேல் எனக்குப் பொறாமை இருந்தது.

என் கல்யாணம் 2007இல் நாகர்கோவிலில் நடந்தது. எதிர்க்கடைக்காரி என்பதால் அழைக்காமல் இருக்க முடியாது, அழைத்தேன். பந்தியில் மாமனார் அவளை முன் வரிசைக்குக் கூப்பிட்டிருக்கிறார். அவள் போய்க் கடைசி வரிசையில், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், கடைசி இலையில் உட்கார்ந்திருக்கிறாள். சற்றுநேரம் கழித்து எழுந்து நேரே சமையல்கட்டுக்குப் போனாள். "மூணு வரிசைக்குப் பொறவு எரிசேரி வரல்ல. கடைசி எலையில போளி வந்தாச்சு, அதுல ஊத்த பாயசம் வரல்ல. வெளம்புறவங்க மாப்பிள்ள வீட்டுக்காரங்க பக்கமே சுத்திட்டு நிக்காங்க" என்று தலைமைச் சமையல்காரரிடம் சொல்லியிருக்கிறாள். நான் அப்போது மாலையும் கழுத்துமாக முதல் இலையில் இருந்தேன். எரிசேரி எனக்கு இரண்டு தடவை வந்திருந்தது. பந்தி முடிந்ததும் என் மாமனார், "அந்தப் பிள்ளை இல்லேன்னா இன்னைக்கு நமக்க மானம் போயிருக்கும்" என்று என்னிடமே சொன்னார். கல்யாண நாளில் மாப்பிள்ளைக்குக் கேட்கக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை எதிர்க்கடைக்காரியைப் பற்றி.

இனிப் பொறுப்பதில்லை என்று, கேபிள் முனை அழுத்தும் கருவியை இரவல் கேட்கும் சாக்கில் ஒரு மதியம் அவள் மாடிக்குப் போனேன். அவள் என்னை அண்ணாச்சி என்பாள். நான் அவளை ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "இஞ்ச பாருங்க" என்பேன், அவ்வளவுதான். அவள் கருவியைத் தேடப் போன நேரத்தில் சர்வர் மிஷினை எட்டிப் பார்த்தேன்.

சர்வர் என்றால் இந்த விளையாட்டுக்கு நடுவர் மாதிரி. யார் எங்கே நிற்கிறான், யார் குண்டு யார்மேல் பட்டது என்று பார்த்து எல்லா மிஷினுக்கும் சேதி சொல்வது அதன் வேலை. ஆனால் அது இடைவிடாமல் பார்ப்பதில்லை, கண்ணைத் திறந்து திறந்து மூடுகிறது. விநாடிக்கு எத்தனை தடவை கண் திறக்கிறது என்பதைத்தான் ஃப்ரேம் என்பார்கள். நீங்கள் சுட்ட நேரத்தில் அதன் கண் மூடியிருந்தால், அடுத்து திறக்கும்வரை உங்கள் குண்டு காத்துக்கிடக்க வேண்டும். அதற்குள் எதிராளி நகர்ந்துவிடுவான். என் சர்வர் விநாடிக்கு அறுபத்துச் சொச்சம் தடவை கண் திறந்தது. அவளுடைய திரையில் ஐந்நூறுக்கு மேல் காட்டியது. என்னுடையதைவிடப் பழைய மிஷின் அது.

பக்கத்தில் ஒரு பாட்டு ப்ளேயர் திறந்து கிடந்தது. பாட்டு எதுவும் ஓடவில்லை. சும்மா திறந்து கிடந்தது.

"அது என்னன்னு பாக்கியளா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். அவள் கருவியை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "அந்த ப்ளேயர் தொறந்து கெடந்தாத்தான் சர்வர் ஏறுகு. மூடினா அறுபதுல எறங்கி நின்னுபோவும். மிஷினுக்குள்ள இருக்க கடியாரம் மந்தமாட்டு ஓடுகு. பாட்டு ப்ளேயர் தொறந்தா அது வேகமாட்டு அடிக்கும்போல. நீங்களும் தொறந்து வையுங்க."

ஒரு பையன் ஒருநாள் சர்வர் மிஷினில் பாட்டுக் கேட்டிருக்கிறான். அந்த அரைமணி நேரம் ஏழாவது மிஷின்காரன் முனகாமல் ஆடியிருக்கிறான். மற்ற யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவன் பின்னால் நின்ற அவளுக்குத் தெரிந்தது. பிறகு ப்ளேயரைத் திறந்தும் மூடியும் நாள் முழுக்கப் பார்த்திருக்கிறாள். இதையெல்லாம் அவள் சொல்லி முடித்தபோது எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. திருடிக்கொண்டு போகலாம் என்று வந்தவன் நான். அவள் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டாள். இவ்வளவு பெரிய விஷயத்தை அவள் ரகசியமாகக்கூட வைத்துக்கொள்ளவில்லை. அது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றைக்கே ப்ளேயரைத் திறந்து வைத்தேன். என் சர்வரும் ஏறியது. அந்தத் திரையை எல்லோருக்கும் தெரியும்படி கண்ணாடிக் கதவைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். சேதி மாவட்டம் முழுக்கப் பரவியது. யார் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டவர்களிடம் நான் சிரித்துவைத்தேன். பாதிச் சேதிதான் பரவியது என்பது வேறு கதை. மயிலாடியில் ஒரு சென்டர்காரர் நாதஸ்வரம் ஓடினால்தான் சர்வர் வேகம் பிடிக்கும் என்று நம்பிப் பகல் முழுக்க மங்கள இசை போட்டார். உள்ளே பையன்கள் சுட்டுக்கொண்டு சாகிறார்கள், வெளியே நிற்பவனுக்குக் கல்யாண வீடு மாதிரி இருக்கும். என் கடைக்கும் ஆள் வர ஆரம்பித்தது. தம்பியும் வந்தான். அந்தச் சில மாதங்கள் நான் நன்றாகத் தூங்கினேன்.

அதற்கடுத்த வருடம் பிராட்பேண்ட் வந்தது. ஊருக்குள்ளேயே ஆடிச் சலித்த பையன்கள் ஊர் விட்டு ஊர் ஆடலாம் என்று கிளம்பினார்கள். தோவாளைக்கும் கன்னியாகுமரிக்கும் போட்டி. ஞாயிற்றுக்கிழமை மதியம், ஐந்துக்கு ஐந்து. எங்கள் கட்சிக்குத் தம்பிதான் தலைவன். அந்தக் கட்சியில் எல்லாம் கடற்கரைப் பையன்கள். காலையில் சர்ச்சில் குர்பானா முடிந்து சாப்பிட்டுவிட்டு நேரே அங்குள்ள சென்டருக்கு வந்துவிடுவார்கள். சர்வர் யார் கடையில் இருப்பது என்ற கேள்வி வந்தபோது நான் முந்திக்கொண்டேன். பன்னிரண்டு மிஷின், புது லைன், ஐந்நூறு ஃப்ரேம். ஒரு சண்டையை எதிர்பார்த்துத் தயாராக இருந்தேன். அவள் சண்டை போடவில்லை.

"செரி. அப்ப நான் அந்த அற்றத்துல போய் இருக்கேன்" என்றாள்.

அந்த முனைக்கு, கன்னியாகுமரிக்குப் போகிறாளாம். தோற்று ஒதுங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

போட்டியன்று என் கடையில் நிற்க இடமில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியேகூட ஆள். நான் முதல் மிஷினுக்குப் பின்னால், சர்வர் பக்கத்தில் நின்றேன். ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்தில் நாங்கள் நாலுக்கு ஒன்றுமில்லை. என் திரையில் எல்லாம் வெண்ணெய். ஃபோன் அடித்தது. அவள்தான்.

"அண்ணாச்சி, அந்தப் பாட்டு ப்ளேயர மூடுங்க."

"என்னத்துக்கு?"

"நான் இஞ்ச கடைசி மிஷின்ல இருக்கேன். யாருக்கும் ஓடல்ல. ஒங்க சர்வர் ஒவ்வொருத்தனுக்கும் விநாடிக்கு நூறு சேதி அனுப்புகு. ஒங்க லைன் வெளிய போற பக்கம் ஒடுக்கமாக்கும். அத்தனையும் போவாது. வழியில நிக்கு."

"எனக்க சர்வர் ஐநூறுல நிக்கு. ஒங்களுக்காட்டு நான் அதக் கொறைக்கணுமா?"

"ஒங்க ரூமுக்குள்ள ஆடுகதுக்கு ஐநூறு நல்லதாக்கும். வெளிய அனுப்பதுக்குக் கொள்ளாது. ஒரு கூடை பூவ நூறு பொதியாட்டுக் கட்டினா, பூவவிட எலையும் நாருமாக்கும் பஸ்ஸுல போறது. ப்ளேயர மூடிட்டு, சேதிய விநாடிக்கு முப்பதுன்னு மாத்தி வையுங்க. எல்லாம் வந்து சேரும்."

இன்றைக்கு எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிகிறது. சர்வர் கண் திறக்கும்போதுதான் சேதி அனுப்ப முடியும். அறுபது தடவை திறந்த காலத்தில், பையன்கள் நூறு சேதி கேட்டாலும் அறுபதுக்கு மேல் போக வழியில்லை. அந்தச் சோம்பல் லைனுக்கு ஓரளவு பாதுகாப்பாக இருந்தது. நான் அதை ஐந்நூறுக்கு ஏற்றியதும், கேட்ட நூறையும் அள்ளி அள்ளி விட ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு சேதிக்கும் மேலே முகவரி எழுதிய உறை வேறு. உள்ளே இருப்பது சின்ன சேதி, உறை கனம். கடைக்குள் இருப்பவர்களுக்கு அது ஒரு சுமையே இல்லை. கன்னியாகுமரி வரை போக வேண்டியதுதான் நெரிசலில் நின்றுவிட்டது.

அன்றைக்கு எனக்கு இதொன்றும் தோன்றவில்லை. தோன்றியது ஒன்றே ஒன்று: இவளுக்குப் பொறாமை. என் சர்வர் ஐந்நூறில் நிற்பது பொறுக்கவில்லை, கூட்டத்துக்கு முன்னால் என்னை முப்பதுக்கு இறக்கப் பார்க்கிறாள். அவளுக்கு என்மேல் பொறாமை என்று நினைத்தபோது வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். வருடக்கணக்காக நான் சுமந்தது கடைசியில் அந்தப் பக்கமும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஃபோனை வைத்தேன். மறுபடி அடித்தது, எடுக்கவில்லை.

"அக்காவாண்ணே? என்ன சொன்னா?" என்று தம்பி திரும்பாமலே கேட்டான்.

"ஒண்ணுமில்ல மக்கா. நல்லா ஆடச் சொன்னா."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. அதையும் நான் பார்த்தேன், அதற்கும் எனக்கு எரிந்தது.

ஒன்பதுக்கு ஒன்றுமில்லை என்று ஆனபோது தம்பியின் கை மெதுவாகிவிட்டது. நான் அவன் திரையைப் பார்த்தேன். கன்னியாகுமரிப் பையன் ஒருவன் சுவரை முட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தான். திடீரென்று பத்தடி தள்ளித் தோன்றினான், மறுபடி சுவர். தம்பி சுடவில்லை. பக்கத்திலிருந்தவன் சுட்டான், கூட்டம் கைதட்டியது. தம்பி ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, தன் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். இரண்டு நிமிடம் பேசியிருப்பான். திரும்பி வந்து உட்காரவில்லை.

"அண்ணே, சொவரப் பாத்து நிக்கவன முதுகுலயாக்கும் நாங்க சுட்டுட்டு இருக்கோம்."

"அவனுவளுக்க லைன் செரியில்லேன்னா அதுக்கு நான் என்ன செய்ய?"

"அக்கா நல்லா ஆடச் சொன்னான்னு சொன்னியே," என்றான். அவன் குரலை உயர்த்தவில்லை. கடையில் அத்தனை பேர் முன்னால் உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன், சண்டை என்று ஆகியிருக்கும், இரண்டு நாளில் ஆறியிருக்கும். அவன் தன் கட்சியை எழுப்பிக்கொண்டு போனான். கூட்டமும் கலைந்தது. சர்வர் ஐந்நூறில் நின்றுகொண்டிருந்தது, ஆட ஆளில்லை.

கன்னியாகுமரிக்காரர்கள் நான் வேண்டுமென்றே கெடுத்தேன் என்று சொன்னார்கள். அவள் மறுத்திருக்கிறாள். என்ன சொல்லி மறுத்தாள் என்பதைத் தம்பியின் கூட்டாளி ஒருவன் எனக்கு வந்து சொன்னான்: "கள்ளமொண்ணும் இல்ல. அவரு மொதல் மிஷின்ல நின்னு பாத்தாரு. அங்க நின்னு பாத்தா எல்லாம் நல்லாத்தான் தெரியும்." என்னைக் கள்ளன் என்று சொல்லியிருந்தால் நான் அவள் கடை வாசலில் போய்ச் சத்தம் போட்டிருப்பேன். இதற்கு என்ன சத்தம் போடுவது?

அடுத்த ஞாயிறு அதே போட்டி அவள் சர்வரில் நடந்தது. அதே மாதிரி லைன்தான் அவளுக்கும். ப்ளேயரை மூடி, சேதியை முப்பதாகக் குறைத்து வைத்தாளாம். எங்கள் பையன்கள் ஐந்து பேரும் அவள் மாடியில் உட்கார்ந்து ஆடினார்கள், தம்பி ஏழாவது மிஷினில். கடைசிச் சுற்றில் தோற்றார்கள். நான் போகவில்லை, வீட்டில் இருந்தேன். ரோட்டிலிருந்தே தம்பியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. உள்ளே வந்து, "தோத்துட்டோம்மா, ஒரே ஒரு ஆளுல போச்சு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, சோறு போடச் சொல்லி உட்கார்ந்தான். என் கடையில் ஒன்பதுக்கு ஒன்றுமில்லை என்று ஜெயித்துக்கொண்டிருந்தபோது அவன் முகத்தில் இல்லாத சந்தோஷம். அவன் அதற்குப் பிறகு என் கடைக்கு விளையாட வரவில்லை. என்னிடம் பேசாமலும் இல்லை. சாப்பிட்டியா, கரண்ட் வந்தாச்சா, அம்மா கூப்பிடுகா, இவ்வளவுதான் பேச்சு. சோற்றுக்கு முன்னால் அக்கா புராணமும் நின்றுபோனது. அதை நான் எவ்வளவு வெறுத்தேனோ, நின்ற பிறகு அவ்வளவு தேடினேன்.

ஒரு காலை யாரும் வரும் முன் கண்ணாடிக் கதவை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு, பன்னிரண்டாவது மிஷினில் போய் உட்கார்ந்தேன். கடை திறந்து நாலாவது வருடம் அது. அந்த நாற்காலியில் அதுவரை நான் உட்கார்ந்ததே இல்லை. ஏசிக் காற்று அங்கே வரவில்லை. நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. மவுஸ் இழுத்தால் ஒரு விநாடி யோசித்தது. சுவரோரம் வந்த கேபிளை எலி கடித்திருந்தது. எத்தனை பேர் இதில் உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல் எழுந்து, ரோட்டைக் கடந்து போனார்களோ. நான் அதைச் சரிசெய்தேன். மறுநாளும் அதில்தான் உட்கார்ந்தேன். யாராவது வரும் காலடி கேட்டால் எழுந்து முதல் மிஷினுக்குப் போய்விடுவேன். அவளைப் பார்த்துத்தான் இதைச் செய்கிறேன் என்று யாருக்கும் தெரியக் கூடாது.

பிறகு எல்லோர் கையிலும் இண்டர்நெட்டுடன் ஃபோன் வந்தது. அவள் கடையை முதலில் மூடினாள். திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய கம்பெனியில் சர்வர் பார்க்கிற வேலை கிடைத்ததாம். அந்த மாடிப்படி காலியாகக் கிடந்ததைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். என் கடைக்குக் கூட்டம் வரும் என்று ஒரு வாரம் நம்பினேன். ஆறு மாதத்தில் நானும் மூடினேன். இப்போது லாட்ஜ்களுக்கு வைஃபையும் கேமராவும் போட்டுக்கொடுக்கிறேன். தம்பி சென்னையில் இருக்கிறான். அவன் அவளோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். நான் கேட்பதில்லை, அவன் சொல்வதில்லை.

2014இல் கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜிலிருந்து கூப்பிட்டார்கள். மேனேஜர் வெளியூர்க்காரர், மரியாதையாகப் பேசுகிறவர். நான் போனதும், மூன்றாவது மாடியில் கடைசி அறையின் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு மேலே ஏறினேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஃபோனில் வைஃபை சிக்னலைப் பார்த்தேன். ஒரு கோடுதான் இருந்தது. மேனேஜர் மூச்சு வாங்க ஏறிவந்து வாசலில் நின்றார்.

"மத்தவங்க எல்லாம் கீழே ரிசப்ஷன்லயே நின்னு பார்த்துட்டு நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. நீங்க நேரா இங்க வந்துட்டீங்க. யார் சொல்லிக் கொடுத்தது இது?"

"யாரு சொல்லித்தர?" என்றேன். "எல்லாம் எனக்க அனுபவமாக்கும்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். எனக்குக் காரணம் புரியவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றார். "எங்க முதலாளி முதல்ல திருவனந்தபுரத்துல ஒரு அம்மாவைத்தான் கேட்டார். அவங்களுக்கு நேரமில்லை. தோவாளையில ஒருத்தர் இருக்கார், அவர் கடைசி ரூமுக்குத்தான் முதல்ல போவார், அவரைக் கூப்பிடுங்கன்னு சொன்னாங்க. யார் சொல்லிக் கொடுத்ததுன்னு கேட்டா தானாப் படிச்சதுன்னு சொல்லுவார், அதைப் பெரிசா எடுத்துக்க வேண்டாம், வேலையை நல்லா செய்வார்னும் சொன்னாங்க."

அந்த அறைக்குத் தனியாக ஒரு வைஃபை பெட்டி வைக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் சரி என்றார். மூன்று நாளில் வேலையை முடித்தேன். நன்றாகத்தான் செய்தேன். அவள் சொன்னபடியே ஆகிவிட்டது. அதனால்தான் பெயரை எழுதவில்லை.